என்னை விட ஆளிருக்கா

ரயில்வே கேட்டு போட்டுட்டான். போடட்டும், போட்டாத்தான அவனுக்குச் சம்பளம். முன்னால ஒரு வைக்கோல் லாரி நிக்குது, அது முதுகுல என்னமோ பெருசா எழுதியிருக்கான், நான் நாலாப்பு, எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஒ லி எ ழு ப் ப வு ம். யாருகிட்டடா சொல்ற. இந்த வேனுக்குள்ள ஒலி எழுப்ப வேண்டிய ஆளு ஒண்ணே ஒண்ணுதான், அது முன்சீட்டுல கழுத்தச் சுத்தித் துண்டப் போட்டுக்கிட்டு சன்னல் பக்கமா திரும்பி உக்காந்திருக்கு. புதுக்கோட்டையில ஏறுனதுல இருந்து ஒரு வார்த்த இல்ல. எங்க அமலோற்பவம் அக்கா. போஸ்டர்ல அது பேர அடிச்சு முடிச்ச பெறகு மிச்சமிருக்க எடத்துலதான் எங்க பேரெல்லாம் வரும். இசையரசி கே. அமலோற்பவம்னு ராணி கிரீடத்தோட இம்புட்டு எழுத்துல போட்டுட்டு, கீழ பபூன் சேவுகன்னு என் பேரப் போடுவான், செவுத்து ஓரமா மடிஞ்சு சேவு மட்டும் தெரியும், ஏதோ பலகாரக் கடை வெளம்பரம்னு சனம் நெனச்சுக்கும். அதுல எனக்கு வருத்தமே இல்ல. அது பேருக்குக் கீழ காராச்சேவாக் கெடந்தாலும் கௌரவம்தான். இப்ப அந்த அக்காவுக்குத் தொண்டையில ஆபரேஷன் முடிஞ்சு இன்னிக்குத்தான் மொத நாடகம். கருங்காவயல் திருவிழாக் கமிட்டிக்காரங்க வேனே அனுப்பிட்டாங்க. மத்த நடிகருங்க அவங்கவங்க பஸ்ஸுல வந்துருவாங்க. வேனுக்குள்ள டிரைவர் முனீசு, அக்கா, அதுக்குப் பின்னால நான், என் பக்கத்துல மடியில ஆர்மோனியப் பெட்டிய வச்சுக்கிட்டுப் பெட்டி சிக்கந்தர் பாய். பாய் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. கேக்க மாட்டேங்குறாரு. நானும் வண்டி ஏறுனதுல இருந்து அவரு வாயையே பாத்துக்கிட்டு வர்றேன், எச்சி முழுங்குறாரே ஒழிய கேள்வி வரல.

என்ன கட்டை. அம்புட்டுதான் கேள்வி. பாடுற ஆளு எந்தச் சுதியில பாடப்போகுதுன்னு பெட்டிக்காரர் கேக்கணும், அது ஒரு மொறை, அவரா இதுல வைக்கவா அதுல வைக்கவான்னு சொல்றது கெட்ட பழக்கம், பொண்ணு பாக்கப் போன எடத்துல வயசு என்னன்னு கேட்ட மாதிரி. மத்தவங்ககிட்ட மேடைக்குப் பின்னால கேப்பாரு. அக்காகிட்ட கேட்டதே இல்ல. எதுக்குக் கேக்கணும், அக்கான்னா அஞ்சரைக் கட்டை, சூரியன் கெழக்க, அக்கா அஞ்சரையில. அந்தக் கட்டையில பொம்பளையே ரொம்பப் பேரு நிக்க மாட்டா, அக்கா அதுல பாய விரிச்சுப் படுத்துக் கெடக்கும். இன்னிக்குக் கேட்டுத்தான் ஆகணும். கேட்டா என்னாகும், அக்கா நாலுன்னு சொல்லும். இல்ல மூணுன்னு சொல்லும். இல்ல ஒண்ணுமே சொல்லாது. கட்டைன்னா எங்களுக்குச் சுதி, ஊர்க்காரனுக்குக் கட்டைன்னா சுடுகாட்டுக்குப் போறது. என் கட்டை வேகுறதுக்குள்ளன்னு எங்க அப்பன் சொல்லும். இத மேடையில சொன்னா சிரிப்பான். இங்க சொன்னா அக்கா திரும்பிப் பாக்கும். வேணாம்டா சேவுகா, நாக்க மடக்கி வையி. பாயோட வெரலு பெட்டி மூடி மேலயே அஞ்சரை எடத்துல போய்ப் போய் நிக்குது, அப்பறம் களவாணி மாதிரி ஒரு வெரக்கடை கீழ எறங்குது, அக்கா அசைஞ்சா திரும்ப மேல ஏறிக்குது. நான் பாத்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. வெயில்னு சொல்றாரு. ஆமா பாய், நல்ல வெயில்னு நானும் சொல்றேன். ரெண்டு பேரும் பொய்யே சொல்லல, வெயிலு அடிக்கத்தான் செய்யுது.

அந்தப் பாட்டு. எத நெனச்சாலும் சுத்திச் சுத்தி அங்கதான் வந்து முட்டுது மண்டை, செக்குமாடு மாதிரி. துடையூர் ராசுக்குட்டி வாத்தியார் எழுதுனது, மில்லுல ஸ்பின்னிங்ல நின்ன மனுசன், பஞ்சு பறக்குற எடத்துல நின்னுக்கிட்டே மனசுக்குள்ள பாட்டுக் கட்டுவாராம், அதான் வார்த்தைய நூலு மாதிரி இழுத்து வச்சிருக்காரு. நாடகம் என்னன்னா, மரகதராணின்னு ஒரு திமிரு புடிச்ச ராணி. மொதக் காட்சியில சபையில உக்காந்துக்கிட்டுப் பாடும். என்னைவிட ஆளிருக்கா, இந்த மண்ணைவிட மனமிருக்கா, உயிரைவிட உறவிருக்கா. ஓட்டமாப் பாடும். எனக்கு மேல எவ இருக்கா, பூமியக் காட்டிலும் பெரிய மனசு எனக்கு, உசுரக் காட்டிலும் ஒசந்த சொந்தம் உண்டா, அப்பிடின்னு பீத்தல். கடைசிக் காட்சியில நாடு போச்சு, சனம் போச்சு, ராணி தனியா ஆத்தங்கரையில வந்து நிக்குது, எதுத்தாப்புல ஓடக்காரன். அதே பாட்டு. அதே வார்த்தை. ஒரு எழுத்துக்கூட மாத்தல அந்த மனுசன். என்னை, விட ஆளிருக்கா. என்னக் கொண்டுபோய் அக்கரையில விட ஒரு ஆளிருக்கா. மண்ணை, விட மனமிருக்கா. இந்த மண்ண விட்டுட்டுப் போக எனக்கு மனசிருக்கா. உயிரை, விட உறவிருக்கா. எனக்காக உசுர விட ஒரு சொந்தம் இருக்கா. பாத்தீங்களா வேலைய. வாத்தியார் வச்சது பாட்டு இல்ல, பொறி. மொத்தமும் மூச்சு விடுற எடத்துல இருக்கு. ஒரே முழுங்கா பாடுனா ராணி, நடுவுல மூச்சு விட்டாப் பிச்சக்காரி. எத்தனையோ பேரு பாடிட்டாங்க, ரெண்டாவது வாட்டி வரும்போது அழுகுறேன்னு மூக்கச் சிந்துவாங்க, கைய விரிப்பாங்க. அக்கா ஒண்ணும் பண்ணாது. என்னைன்னு நிறுத்தும். மூச்ச எடுக்குற சத்தம் மைக்குல கேக்கும். அம்புட்டுதான், அந்தச் சத்தத்துல பந்தலு ஈரமாயிரும். கறை தீர்ந்தா கரை சேர்வேன்னு ஒரு அடி வரும் அதுல. எனக்கு எழுத்துல அது எந்த ரா இது எந்த ரான்னு தெரியாது, அக்கா வாயில கேட்டாத் தெரியும், ஒண்ணு நாக்குல இடிக்கும் ஒண்ணு வழுக்கும். வாத்தியாரு சாகும்போதுகூடச் சொன்னாராம், நான் எழுதுனது பாதி, மீதிய அந்த மேரிமாதா கோயில் பொண்ணு எழுதிருச்சுன்னு, அக்காவத்தான். அந்த ஓடக்காரன் நான்தான். ராணி என்னைப் பாத்து, விட ஆளிருக்கான்னு கேக்கும். நான் சொல்லுவேன், ஆளிருக்கு ராணி, ஆறுதான் இல்ல, மணல் அள்ளிட்டுப் போயிட்டான்னு. சனம் அழுதுக்கிட்டே சிரிக்கும். அழுதுக்கிட்டே சிரிக்க வைக்கிறதுன்னா லேசுன்னா நெனைக்கிறீங்க, ஆனா அழுகைய அக்கா தயார் பண்ணிக் குடுத்துரும், நான் அதுல போய் மூஞ்சியக் காட்டுறதுதான், இலை போட்ட பெறகு அப்பளம் வைக்கிற வேலை.

வெள்ளரிப்பிஞ்சுக்காரி வந்துட்டா. கேட்டு போட்டா இவளுகளுக்குக் கொண்டாட்டம். சன்னல்ல தட்டத்தக் கொண்டாந்து வைக்கிறா, அண்ணே வெள்ளரி வெள்ளரி, மொளகாப்பொடி போட்டுத் தரவா. "பாப்பா, இது பிஞ்சா, இல்ல பேரன் பேத்தி எடுத்ததா"ன்னு கேட்டேன். வாய் சும்மா இருக்காது, பல்லு வலிச்சாலும் பேசும். "ஒம்ம வயசுக்கு எது கடிக்க முடியுமோ அதத் தர்றேன், கொழகொழன்னு ஒண்ணு கெடக்கு"ங்குறா. கெட்டிக்காரி. அப்பத்தான் முன்சீட்டப் பாக்குறா. கண்ண இடுக்குறா. போச்சு. "ஏண்ணே, இது அந்த அக்காதான. ராணியா வர்றவுக." அவ முன் சன்னலுக்கே போயிட்டா. "அக்கா, எங்க ஆத்தா செத்தப்பக்கூட எனக்குக் கண்ணுல தண்ணி வரல, எல்லாரும் கல்லுன்னு பேசுனாளுக. அதுக்கு அடுத்த வாரம் எங்க ஊருல ஒங்க நாடகம். ஆத்தங்கரையில நின்னு கேட்டிங்கள்ல, அப்பத்தான் எங்க ஆத்தாளுக்கு அழுதேன். இன்னிக்குக் கருங்காவயலா. நான் பிள்ளைகளக் கூட்டியாந்துருவேன். அந்தப் பாட்டு உண்டுல்ல." அக்கா சிரிச்சுச்சு. தலைய ஆட்டுச்சு. ஆமான்னு ஆட்டுச்சா சும்மா ஆட்டுச்சான்னு பின்னால இருந்து எனக்குத் தெரியல. அவ ஒரு கை பிஞ்ச அள்ளி அக்கா மடியில போட்டுட்டுப் போயிட்டா. அக்கா அதத் தொடல. குளுந்தது தொண்டைக்கு ஆகாதுன்னு இல்ல, அதெல்லாம் முன்னாடி. நல்ல தொண்டை இருந்தப்ப வெந்நி, அதிமதுரம், பனங்கல்கண்டுன்னு பிள்ளத்தாச்சி மாதிரி பாத்துக்கிச்சு. இப்ப எதத் தின்னா என்ன.

கழுத்துல கட்டி. கழலைன்னாங்க. எடுக்கலைன்னா உசுருக்கு ஆபத்து, எடுத்தா கொரலு நரம்பு ஒட்டிக் கெடக்கு, தொட்டாலும் தொடும்னு டாக்டரு மொதல்லயே ஒளிக்காமச் சொல்லிட்டாரு, நல்ல மனுசன். உயிரைவிட உறவிருக்கான்னு பாடுன அக்கா உசுர வச்சுக்கிட்டுக் கொரல விட்டுருச்சு. இதுல சிரிக்கிறதுக்கு ஒண்ணு இருக்கு, என்னன்னு இன்னும் கண்டுபிடிக்கல. மொதல்ல ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்ப சைகைதான். அப்பறம் காத்தும் எழுத்துமா பேச்சு வந்துச்சு. கதவிடுக்குல காத்துப் பேசுற மாதிரி. கொஞ்சம் கொஞ்சமா சரியாகும், ஆனா பாட்டு வரும் வராதுன்னு என்னால சொல்ல முடியாதுன்னாரு டாக்டரு. நான் விடாம போய் உக்காந்து பழைய கதையெல்லாம் பேசுவேன். விராச்சிலை சோலைமணி ராஜபார்ட்டு இருந்தாருல்லக்கா, ஒரு ஊருல மைக்கு செத்துப்போக, மனுசன் அப்படியே எறங்கி சனத்துக்கு நடுவுல நடந்துக்கிட்டே பாடுனாரே, ஒவ்வொரு கோரப்பாயா போய் உக்காந்து உக்காந்து ஒரு அடி, பொம்பளைக பக்கம் ஒரு அடி, டீக்கடையில ஒரு அடி, டீய வாங்கிக் குடிச்சிட்டு அதே இழுப்புல மிச்சத்த முடிச்சாரே. அக்கா கண்ணு மின்னும். கைய ஆட்டிக் கேக்கும், அப்பறம் அந்த டீக்கடைக்காரன். அவன் டீக்குக் காசு கேக்க மறந்துட்டு, அப்பறம் கேட்டா பாட்டுக்கு நான் கேக்கவான்னுட்டாருல்ல. சிரிக்கும். சத்தம் வராம சிரிக்கும். சத்தமில்லாம ஒரு ஆளு சிரிக்கிறதப் பாத்திருக்கீங்களா. நான் பபூன், எனக்குச் சிரிப்புன்னா சத்தம். சத்தம் வரலைன்னா செத்தேன். தோள் மட்டும் குலுங்குது, நான் எந்திரிச்சு வெளியில போய் ஆஸ்பத்திரிப் பைப்புல மூஞ்சியக் கழுவிட்டு வந்தேன்.

பயம் கொரலு வராதுங்கறது மட்டும் இல்ல. கொரல எறக்கிக்கலாம், பாய் பாத்துக்குவாரு. உடைஞ்சாலும் நான் உள்ள போயிருவேன், அது எங்க பொழப்புல உள்ளது, பாடுற ஆளுக்குச் சுதி பிசகுனா பபூன் பாஞ்சிரணும், இருமுவான், தும்முவான், வேட்டிய அவுத்து விட்டுக்குவான், சனம் அவனப் பாத்துச் சிரிக்கும், அதுக்குள்ள ராணி தண்ணி குடிச்சுக்கும். சளி புடிச்ச காலத்துல அக்காவுக்கே செஞ்சிருக்கேன். ஆனா மூச்சு. அக்கா இப்ப பேசுறதுக்கே ரெண்டு வார்த்தைக்கு ஒருக்கா மூச்சு விடுது. சேவுகா, மூச்சு, சாப்டியா. அப்ப மொதக் காட்சியில சபையில உக்காந்து என்னைவிடன்னு ஒரே முழுங்கா எப்பிடிப் பாடும். பாடாது. என்னைன்னு நின்னுரும், விட ஆளிருக்கான்னு எடுக்கும். கிரீடத்தோட சிம்மாசனத்துல உக்காந்துக்கிட்டே. கதைப்படி நாடு போறதுக்கு முன்னாடியே, படை வர்றதுக்கு முன்னாடியே, எல்லாம் நல்லாயிருக்கும்போதே, மொதக் காட்சியிலயே, அந்த ராணி கொண்டுபோய் விட ஆளக் கேக்கும். வாத்தியாரு வச்ச பொறியில எலியே மாட்டல இத்தன நாளு, இப்ப ராணி மாட்டப் போகுது. இத எப்பிடி நான் பாஞ்சு மறைக்கிறது. இருமியா. சனத்துக்கு ஒண்ணும் புரியாது, சிம்மாசனத்துல உக்காந்திருக்க பொம்பளை எதுக்கு இப்பிடி நம்மளக் கேக்குதுன்னு ஒரு மாதிரி ஆகும், அம்புட்டுதான். எனக்குப் புரியும். பாய்க்குப் புரியும். அக்காவுக்குப் புரியாமயா இருக்கும், அந்தப் பாட்டு எலும்பு அக்காவுக்குத் தெரியாதா. அப்ப ஏன் ஒத்துக்கிச்சு. கமிட்டிக்காரன் போன் போட்டிருக்கான், அக்கா ம்ம்னு ஒரு சத்தம் குடுத்திருக்கு, அவன் சரின்னு எடுத்துக்கிட்டான். ம்ம்கறது யோசிக்கிறேன்னும் இருக்கும்ல. அப்பவே கேட்டேன். பாத்துக்கலாம்டான்னுச்சு. வீட்டுல பாடிப் பாத்தியாக்கான்னேன். துண்ட இறுக்கிக்கிச்சு. பாடிப் பாக்கல. இன்னிக்கு வரைக்கும் ஒரு வாட்டிகூடப் பாடிப் பாக்கல, எனக்கு அடிச்சுச் சொல்ல முடியும். பாடிப் பாத்தா தெரிஞ்சு போயிருமே. தெரியாத வரைக்கும் அஞ்சரைக் கட்டை அங்கனயே இருக்கும்ல, பொட்டிக்குள்ள பட்டுச்சேல மாதிரி, தொறக்காத வரைக்கும் கரையான் அரிக்கலன்னு அர்த்தம். நானா இருந்தாலும் அப்பிடித்தான் இருப்பேன். அக்கா இல்லாம நான் என்ன. கேள்வி கேக்குற ஆளு இருந்தாத்தான பதில் சொல்ற பபூன். சும்மா நடுத்தெருவுல நின்னுக்கிட்டு ஆறு இல்ல ஆறு இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தா டவுன் பஸ்ஸுல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவான்.

முனீசு எறங்கிப் போய்க் கேட்டுக்காரன்கிட்ட விசாரிச்சிட்டு வர்றான். "கூட்ஸாம்ணே. லேசுல முடியாது, ரயிலு மாதிரி ரெண்டு ரயிலு நீளம் இருக்குமாம்." ஏறி உக்காந்து காதக் கொடையுறான். அக்கா மெல்லத் திரும்பி அவனப் பாத்துச்சு. "கூட்ஸா"ன்னுச்சு. அதுதான் மொத வார்த்த இன்னிக்கு. "ஆமாக்கா. கண்ணாடிய ஏத்திக்கங்க, சத்தம் காதப் பொளக்கும்." அக்கா கண்ணாடிய ஏத்தல. இன்னும் கொஞ்சம் எறக்குச்சு. எனக்கு எதுக்குன்னு புரியல, வெக்கையா இருக்குபோலன்னு நெனைக்கிறேன், பேக்கு. தூரத்துல ஊதுறான். அக்கா மடியில கெடந்த வெள்ளரிப்பிஞ்ச எடுத்து டேஷ்போர்டு மேல வைக்குது. துண்ட எடுக்குது. பக்கத்துக் கண்ணாடியில கழுத்துத் தெரியுது, குறுக்க ஒரு கோடு, சங்கிலி போட்ட தடம் மாதிரி. நிமிந்து உக்காருது. இப்பத்தான் எனக்கு மயிர்க்காலு நிக்குது, இந்த நிமிர்வ நான் பக்கவாட்டுல நின்னு பாத்த ஆளு, தோள எறக்கி, நாடிய லேசா உள்ள இழுத்து, கண்ண எங்கயோ கடைசிப் பாய்ல உக்காந்திருக்கவ மேல வைக்குமே. பாடப்போகுது. கூட்ஸு சத்தத்துக்கு அடியில, யாருக்கும் கேக்காம, ஒரு வாட்டி பாடிப் பாக்கப்போகுது. வரட்டும், வரட்டும், நல்லா நீளமா வரட்டும், கரி ஏத்துன பொட்டி, நெல்லு ஏத்துன பொட்டி, உலகத்துல உள்ள பொட்டி எல்லாத்தையும் கோத்துக்கிட்டு வரட்டும், மாதாவே. ஊதிக்கிட்டே வந்துட்டான். தரை அதுருது. அக்கா வாயத் தொறக்குது. கழுத்து நரம்பு பொடைக்குது. எனக்கு ஒண்ணும் கேக்கல, எஞ்சினுதான் கேக்குது, கேக்கக் கூடாதுன்னுதான நானும் வேண்டுனேன். பாயி கண்ண மூடிட்டாரு.

வெறும் எஞ்சினு. பின்னால ஒரு பொட்டி இல்ல. ஒத்த எஞ்சினு தடதடன்னு போயிருச்சு, அம்புட்டுதான், கையக் காட்டிட்டுப் போறான் டிரைவரு. சத்தத்தப் பூரா கூடவே வாரிக்கிட்டுப் போயிட்டான். அக்காவால நிறுத்த முடியல, எடுத்த மூச்ச எங்க போய் வைக்கும். வேனுக்குள்ள கேக்குது. காத்து. அந்தக் காத்துக்கு நடுவுல ஒரு நூலு மாதிரி சத்தம், அது ரெண்டாப் பிரிஞ்சு, ஒண்ணு மேல போக முடியாம ஒண்ணு கீழ எறங்கத் தெரியாம, நின்னு போச்சு. எந்தக் கட்டையும் இல்ல. பெட்டியில இருக்க எந்தக் கட்டையிலயும் இல்ல. பாய் வெரலு மூடி மேல அசையாமக் கெடக்கு. இதுதான் நான் பாய வேண்டிய எடம். பாய வேண்டிய எடம்டா சேவுகா. இருமுடா. ஒரு வார்த்த சொல்றா, எஞ்சினு மட்டும் வந்தா கூலிக்கு மாரடிச்ச கூட்ஸுன்னு எதையாச்சும் சொல்றா. நாக்கு ஒட்டிக்கிச்சு. இத்தன வருசமா ஒட்டாத நாக்கு. முனீசு ஒண்ணும் தெரியாத பய, "அக்கா, தண்ணி வேணுமா, பொற ஏறிருச்சா"ங்குறான். அக்கா துண்ட எடுத்துத் திரும்பக் கழுத்துல போட்டுச்சு. நிதானமா, மடிப்பு எடுத்து. "திருப்பு தம்பி"ன்னுச்சு. "என்னக்கா." "வண்டியத், திருப்பு." முனீசு பின்னால பாக்குறான், முன்னால பாக்குறான். "இங்க எங்கக்கா திருப்புறது. முன்னாடி லாரி, பின்னாடி பஸ்ஸு, எதுத்த பக்கமும் நம்மாளுக அடச்சு நிக்கிறாங்க. கேட்டத் தாண்டித்தான் திருப்பணும்." கேட்டு தூக்குறான். எல்லாப் பயலும் ஒரே நேரத்துல ஆரன் அடிக்கிறான். லாரி நகருது, பஸ்ஸு பின்னால இடிக்கிற மாதிரி முட்டுது, வேனு தண்டவாளத்துல ஏறிக் குலுங்கி அந்தப் பக்கமாத்தான் எறங்குது, வேற எந்தப் பக்கம் எறங்கும்.

ஒரு புளியமரம். முனீசு ஓரங்கட்டுறான். எஞ்சின அமத்துறான், அமத்துனதுக்கு அப்பறம்தான் கேக்குது. ரெண்டு வயலு தள்ளித்தான் கருங்காவயல், பந்தலு கீத்து தெரியுது, ரேடியோ கட்டிட்டாங்க, பூவரசு மரத்துல கட்டுன கொழா ஸ்பீக்கர்ல பாட்டு. பழைய பாட்டு. அக்கா பாடுனத எந்த ஊருலயோ எவனோ டேப்புல பிடிச்சு வச்சது, சனம் விசிலடிக்கிறதும் சேந்து கேக்குது. என்னைவிட ஆளிருக்கா. அஞ்சரைக் கட்டை. வயலு மேல காத்துல வந்து வந்து போகுது, வெட்டி எறிஞ்ச மாதிரி சுத்தமா, ஒரே முழுங்கா. ரேடியோக்காரனப் போய் அறையலாம்போல இருக்கு, ஆனா அவன் என்ன பண்ணுவான், அக்கா வருதுன்னு சந்தோசத்துல போட்டிருக்கான். அக்கா கண்ணாடியில சாஞ்சு கேக்குது. கையால தொடையில தாளம் போடுது, தானா. ஒரு சங்கதி போனப்ப புருவத்த மேல தூக்குச்சு. அப்பறம் கதவிடுக்குக் காத்தா சொல்லுது, "நல்லாப், பாடுறா." எங்க ரெண்டு பேரையும் பாத்தா சொல்லுச்சு, தனக்குத்தானே சொல்லிக்கிச்சான்னு தெரியல. பாடுறா. எவளோ ஒருத்தி நல்லாப் பாடுறா.

"சேவுகா. எறங்கிக்க. அறந்தாங்கிப் பொண்ணு, இருக்கால்ல, சுகந்தி. போன் போடு. இப்பக் கெளம்புனா, வந்துருவா. ராணி வேசம், அவளுக்குப் பாடம். நல்லாச் செய்வா." "அக்கா, நீ மூணுல பாடு, நாலுல பாடு, சனத்துக்கு என்ன தெரியும், நான் பாத்துக்கறேன்." "எனக்குத், தெரியும்ல." பாய் பெட்டிய அணைச்சுக்கிட்டு, "நான் உன்கூட வர்றேன் தங்கச்சி, வீடு வரைக்கும்"னாரு. அக்கா திரும்பி அவரப் பாத்துச்சு. கோவமே இல்ல. "எதுக்கு பாய். வாசிக்க, என்கிட்ட என்ன, இருக்கு. அந்தப் பொண்ணுக்குப் பெட்டி வேணும். எறங்குங்க." எறங்கிட்டோம். நான் பையத் தூக்கிக்கிட்டு, பாய் பெட்டியத் தூக்கிக்கிட்டு. அக்கா அந்த வெள்ளரிப்பிஞ்ச அள்ளிச் சன்னல் வழியா என் கையில குடுத்துச்சு, "வழியில தின்னு"ன்னு. கண்ணாடி ஏறிருச்சு. முனீசு வேன ஒடிச்சு ஒடிச்சுத் திருப்புறான், திரும்பக் கேட்டப் பாத்துப் போறான். அக்கா திரும்பிப் பாக்கல, நான்தான் பாத்துக்கிட்டு நின்னேன், தூசி அடங்குற வரைக்கும். பாய் புளியமரத்து வேருல பெட்டிய வச்சு அது மேலயே உக்காந்துட்டாரு. பெட்டி மேல உக்காருற ஆளா அவரு. "நீ போ, நான் வர்றேன்"ங்குறாரு. பாயி அழுகுறாரான்னு நான் பாக்கல.

நடக்குறேன். வரப்பு மாதிரி ரோடு. அக்கா பின்னால போகுது, நான் முன்னால போறேன், பாட்டு முன்னால இருந்து வருது. சுகந்திக்கு இன்னும் போன் போடல. போய் என்ன சொல்றது. சனத்துக்கு முன்னால எப்பவும் நான்தான் மொதல்ல போவேன், வணக்கம் சொல்லி, ரெண்டு சிரிக்க வச்சு, அப்பறம்தான் ராணி. இன்னிக்கு இந்த ராணி இல்லன்னு சொல்லணும். வர்றாங்கய்யா, ரெண்டு மூணு பேரு டூவீலர்ல, கமிட்டிக்காரங்க, கழுத்துல பேட்ச்சு, ஒருத்தன் கையில ரோசாப்பூ மாலை பாலித்தீன் கவரோட. ஒருத்தன் வண்டிய நிப்பாட்டுறான். "அண்ணே, பபூன் சேவுகன் அண்ணன்தான. என்னண்ணே நடந்து வர்றீங்க. வேன் எங்க. அக்கா எங்க." வாயத் தொறக்குறேன். கொழாயில அக்கா அந்த மூணாவது அடிக்கு மேல ஏறுது, உயிரைவிட உறவிருக்கா, ஏறி அங்கயே நிக்குது, எறங்க மாட்டேங்குது. நான் பூவரசு மரத்தக் கையக் காட்டுனேன். "அந்தா பாடுதுல்ல, கேக்கலையா"ன்னேன். சிரிக்கிறானுங்க. மாலை வச்சிருக்கவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "வந்ததும் ஆரம்பிச்சிட்டாருய்யா. ஏறுங்கண்ணே, பின்னாடி ஏறுங்க." ஏறிட்டேன். மாலைய என் மடியில வச்சிட்டான். வண்டி போகப் போகப் பாட்டுச் சத்தம் கூடிக்கிட்டே வருது.